மெக்கானிக் பாயின் பயம்

எங்கள் ஃபேக்டரியில் இருந்த மெக்கானிக் பாய் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது "எனக்குப் பயமா இருக்குது" என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் பசிக்கிறது, புழுங்குகிறது என்று சொல்வார்களே, அதே குரலில். சொல்லிவிட்டு வெட்கப்பட மாட்டார். வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

ஆம்பூருக்கு வெளியே, பைபாஸை ஒட்டி இருந்தது அந்த ஷூ ஃபேக்டரி. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவில் நான் சூப்பர்வைசர். என் லைனில் நாற்பது பெண்கள், நாற்பது மெஷின்கள். ஒரு மெஷின் நின்றால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். ஒல்லியாக, உயரமாக, லேசாகக் கூன் போட்டு நடந்து வருவார். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தொட்டிருந்தோம் இருவரும். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலாளியிலிருந்து கேன்டீன் அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவர் மெக்கானிக் பாய்.

வந்ததும் மெஷினைத் தொட மாட்டார். முதலில் சுவிட்சை அணைப்பார். பிறகு பிளக்கைப் பிடுங்கித் தன் கண்ணில் படுகிற மாதிரி மேஜை மேல் வைப்பார். தைக்கிற பெண்ணை எழுந்து தள்ளி நிற்கச் சொல்வார். "நம்ம கை உள்ள இருக்கும்போது நீ தெரியாம மிதிச்சிட்டா? எனக்குப் பயமா இருக்குதும்மா" என்பார். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும். இந்தச் சடங்குக்கு ஐந்து நிமிஷம் ஆகும். டார்கெட் தலைக்கு மேல் நிற்கிற எனக்கு அந்த ஐந்து நிமிஷம் முள்ளில் நிற்பது போல இருக்கும்.

ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பையர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் எங்கள் லைனுக்கு வருகிற நேரம் பார்த்து ஒரு மெஷின் நின்றுபோனது. மெக்கானிக் பாய் வழக்கம்போல பிளக்கைப் பிடுங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பது பெண்கள் முன்னால், "இன்னா பாய், ஆம்பளையா இருந்துக்கினு எப்பப் பாத்தாலும் பயம் பயம்னு" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஆமா மேடம், இருக்குதே" என்றார். மறுபடியும் குனிந்துகொண்டார்.

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அன்றைக்குப் பூராவும் எனக்குத்தான் ஒருமாதிரியாக இருந்தது.

தோல் வெட்டுகிற பிரிவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே உள்ள பிரஸ் மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருந்தார்கள். ஆனால் வேலை சீக்கிரம் ஆக வேண்டும் என்று ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி வைத்துவிட்டு, ஒரு கையால் அழுத்தி, இன்னொரு கையால் தோலை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். மேனேஜருக்கும் தெரியும். அந்த மெஷின் ஒருநாள் ரிப்பேருக்கு வந்தது. மெக்கானிக் பாய் சரி செய்தார், கூடவே டேப்பையும் உரித்துப் போட்டார். மேனேஜர் வந்து மறுபடியும் ஒட்டச் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்குது சார். ஒட்டினா நான் இத ஆன் பண்ண மாட்டேன்."

"உன் கையா பாய் உள்ள போவுது?" என்று கேட்டாராம் மேனேஜர்.

"இல்ல சார். போச்சுன்னா அத நான்தான வந்து வெளிய எடுக்கணும்."

மேனேஜர் கத்திப் பார்த்தார். மெமோ கொடுப்பேன் என்றார், கொடுக்கவும் செய்தார். இவர் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் நின்றார். கடைசியில் டேப் இல்லாமலே மெஷின் ஓடியது. அதற்குப் பிறகு யாரும் ஒட்டவில்லை. அந்தப் பிரிவில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகாததால் யாரும் அவருக்கு நன்றி சொல்லவும் இல்லை.

சாயங்காலம் வேலை விட்டதும் பைபாஸைக் கடக்கிற காட்சி தினமும் நடக்கும். ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு நிற்பார். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வண்டி இல்லை என்றால்தான் கால் எடுத்து வைப்பார். அந்த ரோட்டில் அப்படி ஒரு நேரம் வருவதே அபூர்வம். ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் ஜன்னல் வழியாகக் கை தட்டி உற்சாகப்படுத்துவார்கள். அவரும் கை ஆட்டுவார். கேலி என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் ஆட்டினார்.

நான் அதற்கு நேர் எதிர். பயத்தை வெளியே காட்டினால் நாற்பது பெண்களும் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்தவள். என் கணவர் பெங்களூரில் கார் ஓட்டுகிறார், பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டில் நானும் ஒன்பதாவது படிக்கிற மகளும். எல்லாவற்றுக்கும் நானே நிற்க வேண்டும். அதனால், ஒரு நாள் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டபோதும் யாரிடமும் சொல்லவில்லை. என் சின்னம்மா அப்படி ஒரு கட்டியில்தான் போய்ச் சேர்ந்தார். பள்ளிகொண்டாவில் அவர் வீட்டில் கடைசி இரண்டு மாதம் நான்தான் பக்கத்தில் இருந்தேன். எல்லாம் பார்த்தவள். பார்த்ததால்தான் டாக்டரிடம் போகவில்லை. ஒரு வாரம் போகட்டும் என்றேன், பிறகு ஆர்டர் முடியட்டும் என்றேன். மூன்று மாதம் ஓடிவிட்டது. படுத்தால் தூக்கம் வராது. "இன்னும் தூங்கலையாம்மா?" என்று பக்கத்தில் படுத்திருக்கிற மகள் தினமும் கேட்பாள். காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் லைனில் நின்று கத்துவேன். அந்த மூன்று மாதத்தில் நான் முன்னைவிட ஜாஸ்தியாகக் கத்தினேன் என்று பிறகு ஒரு பெண் சொன்னாள்.

அந்த ஜனவரியில் எங்கள் பிரிவுக்கு ஒரு நாள் டூர் ஏற்பாடானது. ஏலகிரி. ஆம்பூர்க்காரர்களுக்கு அது ஒன்றும் தூரம் இல்லை. ஆனாலும் என் லைனில் பாதிப் பேர் மலை ஏறியதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, அதையும் விட்டால் துணி துவைக்க வேறு நாள் ஏது? போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். சூப்பர்வைசர் வராமல் அனுப்ப முடியாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ஆண் துணைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று மெக்கானிக் பாயையும், பேக்கிங்கில் இருந்த ஒரு பெரியவரையும் சேர்த்தார்கள். மெக்கானிக் பாய் பெயரைக் கேட்டதும் லைனே சிரித்தது.

அடிவாரத்துப் பொன்னேரி தாண்டி மலைப்பாதை ஆரம்பித்தது. பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப் பலகை. பெண்கள் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்கள். டிரைவர் சின்ன வயது, பாட்டுப் போட்டுக்கொண்டு வேகமாகத் திருப்பினான். நாலாவது வளைவிலேயே இரண்டு பேர் கேரி பேக்கைத் தேட ஆரம்பித்தார்கள். நான் முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது யாருக்கும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மெக்கானிக் பாய் எழுந்து டிரைவரிடம் போனார். "தம்பி, எனக்குப் பயமா இருக்குது. கொஞ்சம் மெதுவா போ." டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். ஆனால் மெதுவாக்கினான். பஸ் முழுவதும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நானும் விட்டேன்.

மேலே ஏரியில் படகு விட்டார்கள். பூங்காவில் போட்டோ எடுத்தோம். அப்புறம் ஒரு சாகச விளையாட்டு இடத்துக்குப் போனோம். இரண்டு உயரமான கம்பத்துக்கு நடுவே கம்பி கட்டியிருந்தார்கள். இடுப்பில் பெல்ட் மாட்டி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தொங்கிக்கொண்டே போக வேண்டும். முதலில் ஆறேழு பெண்கள் கத்திக்கொண்டே போய் வந்தார்கள். அதைப் பார்த்து இருபது பேர் வரிசையில் நின்றார்கள். மெக்கானிக் பாயையும் இழுத்து நிறுத்தினார்கள். அவர் முறை வந்தது. பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், கொக்கியை இழுத்துப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அங்கே இருந்தவரிடம் பாராட்டாகவே சொன்னார். பிறகு, "ஆனா எனக்குப் பயமா இருக்குது. நான் போவல" என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கி வந்துவிட்டார்.

வரிசையின் பின்னாலிருந்து ஒருத்தி நழுவினாள். அப்புறம் இன்னொருத்தி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பாதி வரிசை கலைந்து வந்து மரத்தடியில் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்ன ஆரம்பித்தது. அந்த முகங்களில் இருந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சுவாமிமலை. ஏலகிரியிலேயே உயரமான இடம். மங்கலம் ஊரிலிருந்து காட்டு வழியாக நடந்துதான் போக வேண்டும். உச்சியில் ஒரு சின்னக் கோயில் உண்டு என்றார்கள். மெக்கானிக் பாய் கீழேயே இருந்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைசி ஆளாக வந்தார். "பயமில்லையா பாய்?" என்று கேட்டார்கள். "இருக்குது. இது பாத்து நடந்தா தாண்டக்கூடிய பயம்" என்றார்.

ஏறும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேர்களைப் பிடித்து, பாறைகளைச் சுற்றி, பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறிவிட்டேன். மேலே காற்று. கீழே தோப்புகளும் ரயில் பாதையும் வீடுகளும் பொடிப் பொடியாகத் தெரிந்தன. எல்லோரும் இறங்க ஆரம்பித்த பிறகு நானும் இறங்கினேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறைச் சரிவு. பிடிக்க எதுவும் இல்லை. லேசாகப் பனிமூட்டம் வேறு வந்து கல் ஈரமாகியிருந்தது. இரண்டு எட்டு வைத்தேன். கால் நின்றுவிட்டது.

முன்னால் போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. பெண்கள் பேசிக்கொண்டே கீழே காட்டுக்குள் போய்விட்டார்கள். நான் பாறையில் கையை ஊன்றி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் செருமுகிற சத்தம் கேட்டது. மெக்கானிக் பாய்.

"இன்னா ஆச்சு மேடம்?"

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க பாய். நான் போட்டோ எடுத்துட்டு வர்றேன்."

என் கையில் போன் இல்லை. அவர் அதைப் பார்த்தார். நாலடி தள்ளி அவரும் உட்கார்ந்தார். "எனக்கும் கை கால் உதறுது. கொஞ்ச நேரம் உக்காந்து போலாம்" என்றார்.

எனக்காகச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. பொடி ஸ்க்ரூவைத் துளி பிசகாமல் மாட்டுகிற விரல்கள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ விட்டுப்போனது. அழ ஆரம்பித்துவிட்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். பாறைக்காக இவ்வளவு அழ மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"எனக்கு ஒரு கட்டி இருக்குது பாய்" என்றேன். "மூணு மாசமா."

எங்கே என்று அவர் கேட்கவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இல்ல."

"பயமா?"

"ஆமா" என்றேன். "ரொம்பப் பயமா இருக்குது."

என் வாயால் அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. அவர் உடனே ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இருக்காது, தைரியமாக இருங்கள், கடவுள் இருக்கிறார் என்று சொல்வார்கள் இல்லையா? அப்படிச் சொல்லிவிடுவார்களே என்றுதான் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

"பயப்பட வேண்டிய விஷயம்தான் மேடம்" என்றார். "எனக்கே கேட்டதும் பயமா இருக்குது."

அந்தப் பதில் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்று மாதமாக நான் தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்ததன் ஒரு முனையை இன்னொருவர் பிடித்த மாதிரி இருந்தது.

அப்புறம் அவர் விவரம் பேச ஆரம்பித்தார், மெஷினைப் பற்றிப் பேசுகிற மாதிரி. வருகிற செவ்வாய்க்கிழமை லீவு போடுங்கள். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலை ஆறு மணிக்குள் போனால்தான் சீட்டு கிடைக்கும். என் வீட்டுக்காரி துணைக்கு வருவாள், அவள் உங்களோடு உள்ளே இருப்பாள். "நான் வெளியதான் உக்காந்திருப்பேன் மேடம். ஆஸ்பத்திரின்னா எனக்கு ரொம்பப் பயம்."

சரிவை இருவரும் உட்கார்ந்தே இறங்கினோம். ஒரு கையளவு நகர்வது, நிற்பது, மறுபடியும் நகர்வது. அவர் முன்னால், நான் பின்னால். புடவையின் பின்பக்கம் கிழிந்தது. மங்கலத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். இவ்வளவு நேரம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். வழக்கமாக இருந்தால் ஏதாவது சொல்லி அதட்டியிருப்பேன். "பாறையில பயந்துட்டேன், எறங்க முடியல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். இன்னொருத்தி தன் துப்பட்டாவை எடுத்து என் இடுப்பில் கிழிசல் மறையச் சுற்றிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவருக்கு போன் செய்து சொன்னேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வருகிறேன் என்றார். டெஸ்ட் முடியட்டும், ரிசல்ட் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் பாயும் அவர் மனைவியும் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்பே வந்து நின்றார்கள். அந்தப் பெண் குள்ளமாக, கலகலவென்று இருந்தாள். முதல் நிமிஷத்திலேயே என்னை அக்கா என்றாள். உள்ளே கட்டியில் ஊசி வைத்து டெஸ்டுக்கு எடுக்கும்போது என் செருப்பையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காத்திருக்கும்போது அவள் கல்யாணக் கதையைச் சொன்னாள். நிக்காஹ் முடிந்து முதன்முதலாகத் தனியாக உட்கார்ந்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தையே எனக்குப் பயமா இருக்குது என்பதுதானாம். "எனக்கும்தான்னு சொன்னேன் அக்கா. அப்புறம் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. இன்னி வரைக்கும் அவரு என்கிட்ட எதையும் ஒளிச்சதில்ல. ஒளிக்கத் தெரியாது."

ஒரு வாரம் கழித்து ரிசல்ட். அன்றைக்கும் மூன்று பேரும் போனோம். மெக்கானிக் பாய் முந்தின நாளிலிருந்தே சாப்பிடவில்லை என்று மனைவி குறைபட்டாள். நான் அவளோடு டாக்டர் அறைக்குள் போனேன். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். சாதாரணக் கட்டிதான் என்றார். புற்றுநோய் இல்லை, மாத்திரை கூடத் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்றார். நான் திரும்பவும் கேட்டேன். அவர் திரும்பவும் சொன்னார். மூன்றாம் தடவையும் கேட்டேன்.

வெளியே வந்தால் மெக்கானிக் பாயைக் காணவில்லை. கேட்டுக்கு வெளியே டீக்கடை பக்கத்தில், ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். மனைவி ஓடிப்போய் உருதுவில் சொன்னாள். அவர் நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆட்கள் போய்க்கொண்டிருந்த ரோட்டில், எல்லோரும் பார்க்க, அழுதார். நான் அங்கேயே நின்று கணவருக்கு போன் செய்தேன். அந்தப் பக்கமும் அழுகைதான்.

பக்கத்துக் கடையில் பிரியாணி சாப்பிட்டோம். மெக்கானிக் பாய் இரண்டு பிளேட் சாப்பிட்டார். நாலு மணிக்குத் திருப்பத்தூர் பஸ் ஏறினோம். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் நான், நடுவில் அவள், ஓரத்தில் அவர். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வந்தது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

கண்டக்டர் சீட்டுக் கம்பியைத் தட்டுகிற சத்தத்தில்தான் விழித்தேன். என் தலை அவள் தோளில் இருந்தது. அவள் தலை அவர் தோளில். அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஆம்பூர் டிக்கெட்டு மூணு பேரும் நீங்கதான? இது வாணியம்பாடி. ஆம்பூர் போயி அர மணி நேரம் ஆச்சும்மா."

அவசரமாக இறங்கினோம். பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. இன்னும் வெளிச்சம் இருந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கம் ஆம்பூர் போகிற பஸ் ஒன்று வந்து நின்று போனது. யாரும் ஓடவில்லை.

மகளிடமிருந்து போன் வந்தது. ரிசல்ட்டை அப்பா சொல்லிவிட்டாராம். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். வாணியம்பாடியில் என்றேன்.

"அங்க ஏம்மா போன?"

"தூங்கிட்டேன்" என்றேன்.

அவள், "சரிம்மா, மெதுவா வா" என்று சொல்லி போனை வைத்தாள்.